ஏமி கார்மைக்கேல்

ஏமி பியாட்ரிஸ் கார்மைக்கேல் (டிசம்பர் 16, 1867 – ஜனவரி 18, 1951) அயர்லாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் 54 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளரும் எழுத்தாளரும் ஆவார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் குழந்தைகளை ஏற்று வளர்த்த டோனாவூர் ஐக்கியத்தை நிறுவியவர். 1895 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த பின்னர் ஒருமுறையேனும் விடுமுறையில் தாயகம் திரும்பவில்லை. குழந்தைகளுக்காக ஆற்றிய பணியினாலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பணியாமல் தாமே சிறை செல்லும் நிலையை எதிர்கொண்டதும், பின்னாளில் ஜம்புலிங்கம் என்னும் கொள்ளையரைப் பாளையங்கோட்டைச் சிறையில் சென்று சந்தித்ததும் இவரது வாழ்வில் அதிகம் பேசப்படாத, ஆனால் இவரைப் புரிந்துகொள்ள உதவும் நிகழ்வுகளாகும்.

இளமை

அயர்லாந்தின் வடகிழக்கே கடலோரத்தில் உள்ள மில்லைல் என்னும் சிற்றூரில், மாவு ஆலை நடத்திவந்த டேவிட் கார்மைக்கேல், கேத்தரின் இணையரின் ஏழு பிள்ளைகளில் மூத்தவராக ஏமி பிறந்தார். குடும்பத்தினர் பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள். ஏமி இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் விடுதிப் பள்ளியொன்றில் பயின்றார். தொழிலில் ஏற்பட்ட இழப்பினால் குடும்பத்தின் நிலை தாழ்ந்தது. 1885 ஆம் ஆண்டு தந்தை இறந்தார்.

சிறுமியாக இருந்தபோது தம் பழுப்பு நிறக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என இறைவனிடம் வேண்டினார் என்றும், அது நிறைவேறாமற் போனதே பின்னர் சேலையுடுத்தித் தமிழ்ப் பெண்போலச் சென்றபோது உதவியது என்றும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இவரைப் பற்றிய சிறுவர் நூல்களில் இது தவறாமல் இடம்பெறும்.

பெல்ஃபாஸ்ட் நகரில் குடியேறிய பின்னர், அங்குள்ள ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்புகள் நடத்தினார். தொப்பி வாங்க வசதியின்றித் தலையில் சால்வை போர்த்திவந்த அப்பெண்களைக் கோயிலுக்குள் அழைத்துவருவது அங்கிருந்த மேட்டுக்குடியினர் சிலருக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் பெருகியதால் 1889 ஆம் ஆண்டு ஏறத்தாழ 500 பேர் அமரக்கூடிய தகரக் கூடம் ஒன்று நன்கொடையால் எழுப்பப்பட்டது. பின்னர் மான்செஸ்டர் நகரின் சேரிப்பகுதியில் பணிசெய்தபோது உடல்நலம் கெட்டது. நரம்புவலி வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தது.

கெஸ்விக் மாநாட்டைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ராபர்ட் வில்சன் இவரைத் தம் மகள்போல வீட்டில் ஏற்றுக்கொண்டார். மனைவியையும் மகளையும் இழந்திருந்த அம்முதியவரைப் பிரிந்து வெளிநாடு செல்வதே ஏமிக்கு மிகக் கடினமான முடிவாக இருந்தது. சீனாவுக்குச் செல்ல முயன்றார். உடல்நலக் குறைவால் ஏற்கப்படவில்லை. 1893 ஆம் ஆண்டு ஜப்பான் சென்று மட்சுயே நகரில் பதினைந்து மாதங்கள் பணியாற்றினார். நோயுற்று, இலங்கையில் சிறிது காலம் தங்கிய பின் இங்கிலாந்து திரும்பினார். அதன்பின், இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த, வீட்டுக்குள் அடைந்திருந்த இந்தியப் பெண்களிடையே பணிசெய்துவந்த செனானா மிஷனரிச் சங்கத்தில் சேர்ந்து, 1895 நவம்பரில் பெங்களூர் வந்தடைந்தார்.

திருநெல்வேலி வருகை

ஏமி வருவதற்கு முன்பே திருநெல்வேலி கிறித்தவ மறைப்பணியின் முக்கியக் களமாக இருந்தது. 1820களில் பாளையங்கோட்டையிலிருந்து பணியாற்றிய ஜெர்மானியரான ரேனியஸ் பல கிறித்தவக் குடியிருப்புகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று, நிலம் வாங்கப் பணம் உதவிய பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரால் டோனாவூர் எனப் பெயர் பெற்றது. களக்காட்டுக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரே பின்னர் ஏமியின் பெயருடன் இணைந்துவிட்டது.

பெங்களூரில் தமிழ் கற்பதில் முன்னேற்றமில்லாமல் இருந்தவரை, திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் தாமஸ் வாக்கர் திருநெல்வேலிக்கு அழைத்தார். வாக்கர் தமிழில் நல்ல புலமை உடையவர். 1896 டிசம்பரில் வந்த ஏமி, தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் பெருங்குளத்துக்கு அருகிலுள்ள பண்ணைவிளையில் வாக்கர் குடும்பத்தாருடன் தங்கித் தமிழ் கற்றார். ஆங்கிலேயர் குடியிருப்பில் இருந்தால் மொழி வராது என்று எண்ணி, ஊருக்குள்ளேயே மண்வீட்டில் வாழவும் விரும்பினார். சேலை உடுத்தத் தொடங்கியதும் இக்காலத்திலேயே. அக்காலத்து வெள்ளையர் நடுவில் இது வழக்கத்துக்கு மாறானது.

பொன்னம்மாள் என்னும் இளம் விதவையும் வேறு சில தமிழ்ப் பெண்களும் இவருடன் சேர்ந்து, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பெண்களைச் சந்தித்தனர். இக்குழு நட்சத்திரக் கூட்டம் என அழைக்கப்பட்டது. இப்பெண்கள் ஊதியம் பெறவில்லை, நகைகளையும் களைந்தனர். கழுத்திலும் காதிலும் பொன்னில்லாத பெண்ணை அமங்கலமாகவும் குடும்பத்துக்கு இழுக்காகவும் கருதிய சமூகத்தில் இது கிறித்தவர்களிடையேயும் கடும் எதிர்ப்பை உண்டாக்கியது. ஏமியைப் பற்றிய நூல்கள் அவரையே நடுவில் நிறுத்துகின்றன. ஆனால் ஊராரின் ஏச்சை நேரடியாகத் தாங்கியவர்கள் இப்பெண்களே. மொழியும் வழக்கமும் அறிந்த பொன்னம்மாள் இல்லாதிருந்தால் பின்னர் வந்த பணி எதுவும் நடந்திருக்குமா என்பது ஐயமே.

குழந்தைகள்

1901 மார்ச்சில் பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். பெருங்குளத்தில் தேவதாசிப் பெண்களின் வீட்டில் இருந்த அவள், முன்னொருமுறை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் தப்பி ஓடியிருந்தாள். பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு அஞ்சித் தாய் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகக் கைகளில் சூடு போடப்பட்டது. மீண்டும் தப்பி வந்தவள் வழியில் கண்ட பெண் ஒருவரால் ஏமியிடம் கொண்டுவரப்பட்டாள். அச்சிறுமி தான் கண்டவற்றைப் பொம்மையை வைத்து நடித்துக் காட்டியதிலிருந்தே இவ்வழக்கத்தின் உள்நிலையை ஏமி முதன்முதலில் அறிந்தார்.

தேவதாசி மரபு நடனமும் இசையும் வளர்த்த மரபு என்பதும், எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் ஒரே தன்மையுடையதாக இருந்ததில்லை என்பதும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் உண்மையாகும். எனினும் சிறுமிகள் விலைக்கு வாங்கப்பட்டதும் தத்தெடுக்கப்பட்டதும், பருவமடைந்தபின் அவர்களுக்கு வேறு வழி விடப்படாததும் அக்காலத்தில் பலரும் அறிந்தவையே. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இதனை எதிர்த்துப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி 1920களின் இறுதியில் தொடங்கியது. கோயில்களுக்குப் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடைசெய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது. ஏமி பணி தொடங்கியபோது அவருக்குத் துணைநிற்கத் தெளிவான சட்டம் எதுவும் இல்லை.

1901 இல் டோனாவூர் இப்பணியின் இருப்பிடமாயிற்று. 1904 முதல் பச்சிளங் குழந்தைகளும் வரத் தொடங்கினர். தாய்ப்பாலின்றி அவர்களைப் பிழைக்கவைப்பது பெரும்பாடாக இருந்தது. மருத்துவமனைக்கு அருகில் இருக்கவேண்டும் என்பதற்காகத் தென்திருவிதாங்கூரிலிருந்த நெய்யூரில் பொன்னம்மாளின் பொறுப்பில் ஒரு குழந்தைகள் இல்லம் நடத்தப்பட்டது. அங்கு வயிற்றுப்போக்கு பரவிப் பத்துக் குழந்தைகள் இறந்தனர். அதன்பின் அனைவரும் டோனாவூருக்கே திரும்பினர். 1913 அளவில் 130 சிறுமிகள் இருந்தனர். 1918 முதல் சிறுவர்களும் சேர்க்கப்பட்டனர்.

பொதுமக்களிடம் பணம் கேட்பதில்லை, எவருக்கும் சம்பளமில்லை என்பவை டோனாவூரின் விதிகளாயின. ஐரோப்பியரும் இந்தியரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். மணம் செய்யாமல் இப்பணியிலேயே இருக்க விரும்பிய பெண்களுக்காக 1916 இல் ஒரு சகோதரிகள் குழு அமைக்கப்பட்டது. தாயும் (1913) வாக்கரும் (1912) பொன்னம்மாளும் (1915) அடுத்தடுத்து இறந்த ஆண்டுகள் ஏமிக்கு மிகுந்த துயரத்தைத் தந்தவை.

முத்தம்மாள் வழக்கு

குழந்தைகளை ஏற்று வளர்ப்பது சட்டச் சிக்கல்கள் நிறைந்தது. உறவினர் உரிமை கோரினால் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். கொடுக்க மறுத்தால் அது ஆட்கடத்தல் குற்றமாகும். 1909 இல் டோனாவூருக்கு வந்த முத்தம்மாள் என்னும் சிறுமியைப் பற்றிய வழக்கு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. குடும்பச் சொத்துக்கு உரிமையுடையவளாதலால் அவளை யார் வைத்துக்கொள்வது என்பதில் உறவினர்களிடையே போட்டி இருந்தது. 1911 மார்ச்சில் தீர்ப்பு ஏமிக்கு எதிராக வந்தது. குறித்த நாளுக்குள் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கவேண்டும், வழக்குச் செலவையும் கட்டவேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நாளுக்கு முன்பே முத்தம்மாள் மறைந்துவிட்டாள். டோனாவூரில் விருந்தினராகத் தங்கியிருந்த மேபல் பீத் என்னும் பெண்மணி அவளுக்கு ஆண் வேடமிட்டு இரவில் வெளியே அனுப்பினார். காத்திருந்த மாட்டுவண்டியில் ஏற்றப்பட்ட சிறுமி கைமாறிக் கைமாறிக் கொழும்பு சென்று, அங்கிருந்து கப்பலில் சீனாவின் தென்பகுதிக்குச் சென்றாள். அங்கே மறைப்பணியாளர் குடும்பம் ஒன்று அவளை வளர்த்தது. ஏமி சிறைத்தண்டனையை எதிர்பார்த்தே இருந்தார். நாடு அமைதியற்றிருந்த காலம் அது. 1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை விசாரணைக் கைதியாகப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டதையும், அதனால் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தையும் மக்கள் மறந்திருக்கவில்லை. 1911 ஜூனில் மாவட்ட ஆட்சியர் ஆஷ் மணியாச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டார். எக்காரணத்தாலோ ஏமியின்மீது வழக்குத் தொடரப்படவில்லை. முத்தம்மாள் பின்னர் திரும்பி வந்து, டோனாவூரிலேயே வளர்ந்த அருள்தாசனை 1917 இல் மணந்தார்.

சட்டத்தை மதிக்கவேண்டும் என்று போதித்த ஒருவர் நீதிமன்ற ஆணையை மீறத் துணைநின்றது சரியா என்னும் கேள்வி அப்போதே எழுந்தது. ஏமிக்கு இதில் ஐயமிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மகளைத் தேடிய தாயின் பக்கம் எவ்வாறு இருந்தது என்பதை டோனாவூர் நூல்களிலிருந்து மட்டும் அறிய இயலாது.

ஜம்புலிங்கமும் பாளையங்கோட்டைச் சிறையும்

1920களின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் ஜம்புலிங்கம் என்னும் பெயர் எங்கும் பேசப்பட்டது. செம்புலிங்கம் எனவும் மக்கள் இவரை அழைத்தனர். உடல்வலிமைக்கும் துணிச்சலுக்கும் பெயர்பெற்ற இவர், செல்வரிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுப்பவர் எனப் போற்றப்பட்டார். செய்யாத குற்றம் சுமத்தப்பட்டதால் காடேறியவர் என்பதே பொதுவாக வழங்கிய கதை. காவல்துறைக்கோ இவர் தேடப்படும் கொள்ளையர் தலைவர் மட்டுமே. யார் எங்கே திருடினாலும் பழி இவர்மேல் விழுந்தது என்றும் கூறுவர்.

டோனாவூரை அடுத்த மலையும் காடும் இவருடைய மறைவிடங்களாக இருந்தன. 1921 இல் ஏமி இவரைக் காட்டுப்பகுதியில் சந்தித்தார். கொள்ளையரைக் கண்டு அஞ்சி ஓடாமல் நின்று பேசிய அந்தப் பெண்மணியிடம் ஜம்புலிங்கம் தம் கதையைக் கூறினார். சரணடையுமாறு ஏமி வற்புறுத்தினார். பொய் வழக்கும் அடியும் தவிரக் காவலரிடம் வேறொன்றும் கிடைக்காது என்று நம்பிய அவர் இணங்கவில்லை. ஆனால் தம் பிள்ளைகளைக் காப்பாற்றுமாறு வேண்டினார். ஏமி ஒப்புக்கொண்டு அவர்களை டோனாவூரில் சேர்த்துக்கொண்டார். எவரையும் கொல்லக்கூடாது என ஏமி கேட்டதையும் ஜம்புலிங்கம் ஏற்றதாக ஏமியின் நூல் கூறுகிறது.

சிறிது காலத்துக்குள் ஜம்புலிங்கம் காயமடைந்த நிலையில் பிடிபட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். டோனாவூரிலிருந்து பாளையங்கோட்டை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பொறுப்பை வைத்துக்கொண்டு ஏமி அங்கே சென்று அவரைச் சந்தித்தார். சிறையில் அவருக்கும் அவருடைய தோழர் ஒருவருக்கும் கிறித்தவ போதனை அளிக்கப்பட்டது. இருவரும் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றனர். பிள்ளைகள் எவ்வாறு இருக்கிறார்கள் என்னும் செய்தியும் இச்சந்திப்புகளின் வழியாகவே தந்தையை எட்டியது. தந்தையிடம் சமயத்தை மட்டும் பேசிவிட்டு ஏமி திரும்பவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் டோனாவூரில் ஏற்பாடாகியிருந்தன. கைதியின் குடும்பத்துக்கு வெளியில் எவ்வித ஆதரவும் இல்லாத அக்காலத்தில் இதுவே அவருக்குக் கிடைத்த பெரிய உதவியாக இருந்திருக்கவேண்டும்.

ஆனால் ஜம்புலிங்கம் சிறையிலிருந்து தப்பினார். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் காவலை மீறி ஓடியது ஏமிக்கு வருத்தத்தையும் இக்கட்டையும் உண்டாக்கியது. மனமாற்றம் வெறும் நடிப்பே என்று பேசியவர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. எனினும் ஏமி அவரைக் கைவிடவில்லை. தமிழ்ப் பெண்போல உடுத்தி இரவில் காட்டுக்குச் சென்று மீண்டும் சந்தித்து, சரணடையுமாறு கேட்டார். அதற்குப் பின்னும் ஜம்புலிங்கத்தின் பெயரால் கொள்ளைகள் நடந்தன. அவற்றுள் அவர் செய்தவை எவை, பிறர் செய்தவை எவை என்பது பற்றி ஊருக்கு ஒரு கதை வழங்கியது. 1923 செப்டம்பரில் காவலர் சுற்றி வளைத்தபோது ஜம்புலிங்கம் கொல்லப்பட்டார். இறுதி மோதலில் அவர் தம் துப்பாக்கியால் எவரையும் கொல்ல முயலாமல் அதனை எறிந்துவிட்டார் என ஏமி எழுதியுள்ளார்.

இவ்வரலாற்றை ஏமி 1927 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதில் ஜம்புலிங்கத்துக்கு ராஜ் என்னும் பெயர் தரப்பட்டுள்ளது. கொடுமையினாலேயே அவர் கொள்ளையரானார் என்பதையும், அவர் அடைந்த சித்திரவதைகளையும் நூலின் நீண்ட துணைத்தலைப்பே சொல்லிவிடுகிறது. பிரித்தானிய ஆட்சியின் விருதைப் பெற்ற ஒருவர், அவ்வாட்சியின் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டவருக்காக இப்படியொரு நூல் எழுதியது எளிய செயலன்று. மறுபுறம், ஜம்புலிங்கத்தைப் பற்றிய கதைப்பாடல்கள் நெல்லைச் சீமையில் வழங்கின. பாடல்களில் வருபவர் வீரர். ஏமியின் நூலில் வருபவர் மனந்திரும்பியவர். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கே அவரைப் பற்றி ஓரளவு தெளிவு கிடைக்கும்.

எழுத்தும் திறனாய்வும்

ஏமி ஏறத்தாழ 35 நூல்களை எழுதினார். 1903 இல் வெளிவந்த முதல் முக்கிய நூல், மறைப்பணியின் வெற்றிகளை மட்டும் கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர்களிடம் தோல்விகளையும் மறைக்காமல் கூறியது. அதனை மிகைப்படுத்தல் என்று கருதிய மறைப்பணியாளர் சிலர் அவரைத் திரும்ப அழைக்கவேண்டும் என விரும்பினர். ஆட்சியாளர் 1919 இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியபோது, அதனைப் பெறும் விழாவுக்கு அவர் செல்லவில்லை.

இந்து சமயத்தை அவர் இருளாகவே கண்டு எழுதினார் என்பதும், தமிழரின் வழிபாட்டையும் கலைகளையும் உள்ளிருந்து புரிந்துகொள்ள முயலவில்லை என்பதும் அவர்மீது வைக்கப்படும் நியாயமான குறைகள். குழந்தைகளை முந்தைய உறவுகளிலிருந்து முற்றிலும் பிரித்து வளர்த்ததும், டோனாவூரின் முடிவுகள் பெரும்பாலும் அவர் ஒருவரையே சார்ந்திருந்ததும் விமர்சிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஸ்டீபன் நீல், இளைஞராக 1924 இல் டோனாவூருக்கு வந்து, கருத்து வேறுபாட்டால் அடுத்த ஆண்டே விலகினார். செனானா சங்கத்துடனான உறவும் 1920களின் நடுவில் முடிவுற்றது. 1927 இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. பிற்காலத்தில் அதன் பொறுப்பு இந்தியர்களிடம் வந்தது.

இறுதிக் காலம்

1931 இல் களக்காட்டில் மருந்தகம் தொடங்குவதற்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, மாலை இருட்டில் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. முழுமையாக குணமாகவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளை ஏமி பெரும்பாலும் டோனாவூரில் தம் அறைக்குள்ளேயே கழித்தார். நோயுற்றோருக்காக எழுதிய நூல்கள் உட்பட அவரது நூல்களில் பல இக்காலத்தவை. தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று எண்ணியிருந்த அருளாய் 1939 இல் அவருக்கு முன்பே இறந்தார்.

1951 ஜனவரி 18 அன்று ஏமி தம் 83 ஆம் வயதில் காலமானார். தம் கல்லறைமேல் பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். டோனாவூர் வளாகத்துத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், பறவைகள் நீர் அருந்துவதற்கான கல்தொட்டி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதில் தாய் எனப் பொருள்படும் ஒரு தமிழ்ச்சொல் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது.